ஒன்பது நாள் வித்தியாசம்: லாங்லி நிஜமாகவே கோமாளியா?

தூரநோக்கி:

அமெரிக்க வானியலாளர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி பற்றி யார் பேசினாலும் இரண்டு தேதிகளில் முடித்துவிடுகிறார்கள். 1903 டிசம்பர் 8, லாங்லியின் விமானம் வாஷிங்டனில் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள் வட கரோலினாவின் மணல்மேட்டில் பறந்தார்கள். அரசாங்கத்திடம் 50,000 டாலர் வாங்கிய பெரிய மனிதர் கவிழ்ந்தார், ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் செலவழித்த சைக்கிள் கடைக்காரர்கள் ஜெயித்தார்கள். தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

எனக்கு இதில் சம்மதமில்லை. லாங்லி கல்லூரி வாசலே மிதிக்காதவர். 1834இல் பாஸ்டன் பக்கம் பிறந்து, கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்து, தானாகவே வானியல் கற்று, 1867இல் பிட்ஸ்பர்க் அருகே அலெகெனி வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். போன இடத்தில் உருப்படியான கருவிகள் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமான நேரத்தைக் கணித்து, தந்தி வழியாகப் பென்சில்வேனியா ரயில்வேக்கு விற்றார். ரயில்களின் கடிகாரங்கள் அவர் அனுப்பிய சைகைக்கு ஓடின. அந்த வருமானத்தில்தான் ஆய்வகம் நடந்தது.

1880 வாக்கில் வெப்பக்கதிரை அளக்கும் போலோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். கரி பூசிய மெல்லிய பிளாட்டினக் கீற்றுகள் இரண்டு. ஒன்றின் மேல் மட்டும் வெப்பக்கதிர் பட வேண்டும், மற்றது மறைவில் இருக்க வேண்டும். சூடான கீற்றில் மின்தடை ஒரு பொட்டு ஏறும், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அசையும். ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப மாற்றம்கூட அதில் தெரியும். அதை 1881இல் கலிபோர்னியாவின் விட்னி மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சூரிய ஒளியை அளந்தார். நிலவிலிருந்து வரும் வெப்பக்கதிர்களை அவர் அளந்த கணக்கை வைத்துத்தான் 1896இல் ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் கரியமில வாயுவால் பூமி எவ்வளவு சூடாகும் என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டார். இன்று பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் எல்லோருக்கும் லாங்லி மூத்தவர்.

இப்படிப்பட்டவர் 1887இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வருகிறார். 1896 மே 6 அன்று, சுமார் 11 கிலோ எடையில் நீராவி எஞ்சின் பூட்டிய அவருடைய ஏரோட்ரோம் (தன் விமானங்களுக்கு அவர் வைத்த பெயர்) எண் 5, ஆளில்லாமல் பொடோமாக் ஆற்றின் மேல் சுமார் 1,000 மீட்டர் பறந்தது. நவம்பரில் எண் 6 கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் பறந்தது. காற்றைவிடக் கனமான, எஞ்சின் பூட்டிய ஒரு பொருள் இவ்வளவு தூரம் தானாக, தடுமாறாமல் பறந்தது அதுவே முதல் முறை. ரைட் சகோதரர்கள் ஸ்மித்சோனியனுக்குக் கடிதம் எழுதிப் புத்தகம் கேட்டது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1899 மே 30 அன்று.

அப்புறம் ஏன் தோற்றார்? என் கட்சி இதுதான்: அவருக்கு அறிவியல் குறையவில்லை. ஓட்டுகிறவன் ஒருவன் வேண்டும் என்பதைக் கடைசிவரை கணக்கில் எடுக்கவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

மாற்றுக் கருத்து இருக்கிறது சார். 1898இல் ஸ்பெயினோடு போர் வந்ததும், வேவு பார்க்க உதவும் என்று ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. ஸ்மித்சோனியன் பக்கத்திலிருந்து இன்னும் 20,000 போல. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை! ஐந்து வருடம் கழித்துக் கையில் இருந்தது நனைந்த துணியும் உடைந்த குழாயும்தான். நிதிக்குழுவில் உட்கார்ந்திருந்தால் நானும் இனி ஒரு டாலர்கூடக் கிடையாது என்றுதான் எழுதியிருப்பேன்.

போலோமீட்டர் பெருமை எல்லாம் சரி. விட்னி மலையில் அளந்து அவர் சொன்ன சூரிய மாறிலி (காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு விழும் சூரிய வெப்பம்) 3 கலோரி. உண்மையில் 2க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மடங்கு தப்பு. கருவி துல்லியமாக இருந்தால் போதாது, முடிவும் துல்லியமாக இருக்க வேண்டும். பறக்கும் விஷயத்திலும் அதே வியாதிதான். "லாங்லி விதி" என்று ஒன்று உண்டே, வேகம் கூடக் கூடப் பறக்கத் தேவையான சக்தி குறையும் என்று. அதைப் பற்றி நீங்கள் மூச்சு விடவில்லையே?

யாழ்ப்பறவை:

நல்ல இழை அண்ணா. ஒரு அடிப்படைக் கேள்வி. காற்றுச் சுரங்கம் இல்லாமல் இதையெல்லாம் எப்படி அளந்தார்? சுழலும் கை என்று ஓரிடத்தில் வாசித்தேன், விளங்கவில்லை.

தூரநோக்கி:

யாழ்ப்பறவை, செக்கு மாதிரி சுற்றுகிற ஒரு நீண்ட கை. அலெகெனி ஆய்வகத்தின் திறந்தவெளியில் 1887இல் நிறுவினார்கள். நடுத்தூணிலிருந்து நுனிவரை 30 அடி, அதாவது சுற்றும் வட்டத்தின் விட்டம் 60 அடி. நீராவி எஞ்சின் அதைச் சுழற்றும். நுனியின் வேகம் மணிக்கு 70 மைல் வரை போகும். அந்த நுனியில் தட்டையான தகடுகளைக் கட்டி, சாய்வை மாற்றி மாற்றி, எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பார்கள். பாடம் செய்த பறவைகளைக்கூடக் கட்டிச் சுழற்றியிருக்கிறார். தெருவில் காற்று வீசினால் அன்றைய அளவீடு கெட்டுப்போகும். போதாததற்கு, கை சுழலச் சுழலச் சுற்றியிருக்கும் காற்றும் சேர்ந்து சுழலும். அதற்குள்ளேயே மல்லுக்கட்டி 1891இல் புத்தகமாக வெளியிட்டார்.

அதில் ஒன்று கவனிக்க வேண்டியது. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஸ்மீட்டன் எண் என்று ஒரு பழைய மதிப்பை எல்லோரும் பயன்படுத்தினார்கள்: 0.005. ரைட் சகோதரர்களும் அதை நம்பித்தான் 1900, 1901இல் கிளைடர்களை, அதாவது எஞ்சின் இல்லாமல் சறுக்கும் விமானங்களைச் செய்தார்கள். அவை கணக்குப்படி தூக்கவில்லை. பிறகு அவர்களே பறக்கவிட்டுப் பார்த்துத் திருத்திய மதிப்பு 0.0033 போல வந்தது. லாங்லியின் சுழலும் கை அதற்கு 10 வருடம் முன்பே கிட்டத்தட்ட அதையே சொல்லியிருந்தது. அந்தச் செக்கு வீணாகச் சுற்றவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார், லாங்லி விதிக்கு வருகிறேன். இல்லை, பால்சா இங்கே இருக்கிறார், அவரே வரட்டும். தினமும் பறக்கவிடுகிறவர் சொன்னால் பொருத்தம்.

பால்சா:

கூப்பிட்டதற்கு நன்றி. ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் பறக்கவிடும் எல்லோருக்கும் இது கையில் தெரிந்த விஷயம்.

விமானத்தைப் பின்னால் இழுக்கும் விசை இரண்டு வகை. ஒன்று, தூக்குவதற்காகக் கொடுக்கும் விலை. மெதுவாகப் போனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அப்போது இது அதிகம். வேகம் கூடினால் குறைந்துகொண்டே வரும். மற்றது, உடம்பும் கம்பியும் சக்கரமும் காற்றில் உரசுவதால் வருவது. இது வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் கூட்டினால் ஒரு பள்ளம் மாதிரி வளைகோடு கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட வேகம்வரை சக்தித் தேவை குறையும், அதற்கு மேல் கிடுகிடுவென ஏறும்.

லாங்லி பார்த்தது மெல்லிய, வழுவழுப்பான, தட்டைத் தகடு. அதில் உரசல் அற்பம் என்று விட்டுவிட்டார். ஆகவே பள்ளத்தின் இறங்கும் பக்கம் மட்டும் கண்ணில் பட்டது. ஒரு குதிரைத்திறன் இருந்தால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 200 பவுண்டு எடையைப் பறக்க வைக்கலாம் என்று எழுதினார். அன்றைக்கே பலர் எதிர்த்தார்கள்.

ஆனால் பாருங்கள், அந்தத் தப்பான விதி அவரைக் கெடுக்கவில்லை. எஞ்சினை அவர் தேவைக்கு மேல்தான் கேட்டு வாங்கினார். ஆகவே விழுந்ததற்குக் காரணம் அது இல்லை.

சோம்பேறி வாசகன்:

அப்போ விழுந்ததற்கு யார்தான் காரணம்? சீக்கிரம் சொல்லுங்கப்பா, மதியச் சாப்பாட்டு இடைவேளை முடியப்போகுது.

பழைய ரிவெட்:

நான் சொல்கிறேன். முப்பது வருடம் இறக்கை வலிமைக் கணக்குப் போட்டவன் என்ற முறையில் தூரநோக்கியின் வாதத்தை ஏற்க மாட்டேன். ஓட்டுநர் இல்லாதது குறைதான். ஆனால் உலகத்திலேயே சிறந்த ஓட்டுநரை அதில் உட்கார வைத்திருந்தாலும் டிசம்பர் 8 அன்று அது விழுந்தே இருக்கும். இறக்கை உடைந்த விமானத்தை ஓட்ட எந்தப் பயிற்சியும் உதவாது.

எண் 5க்கு இறக்கையின் விரிவு சுமார் 4 மீட்டர். அதே அமைப்பை, முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி இறக்கை என்று அப்படியே வைத்துக்கொண்டு, 48 அடி விரிவுக்குப் பெரிதாக்கினார்கள். நீளத்தை நான்கு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 16 மடங்கு, எடை 64 மடங்கு. முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரிந்த கணக்கு. லாங்லிக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு உறுப்பையும் எடை குறைத்துக் குறைத்து இழைத்தார்கள். ஓட்டுநரோடு சேர்த்து முழு விமானமும் சுமார் 340 கிலோதான். 48 அடி விரிவில் அது நம்ப முடியாத மெலிவு.

எங்கே உதைத்தது என்றால், இறக்கையைத் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் கம்பம் இருக்கிறதே, அது இறக்கையின் முன்பக்கம் தள்ளி இருந்தது. காற்றின் சுமை வந்து உட்கார்ந்த இடமோ அதற்கு வெகு பின்னால். முறத்தை முன் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்க்காற்றில் நீட்டிப் பாருங்கள், பின் விளிம்பு எகிறி மணிக்கட்டை முறுக்கும். அதேதான் நடந்தது. இறக்கை முறிவதற்கு முன் முறுக்கியது. கவண் அமைப்பு அதைப் படகின் கூரையிலிருந்து ஒரே வீச்சில் எறிந்ததால், அந்தச் சுமையும் படிப்படியாக வராமல் ஒரே நேரத்தில் வந்தது.

அந்தக் காலத்தில் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டு மணலைக் கொட்டித்தான் வலுவைப் பார்ப்பார்கள். மணல் சுமை தாங்குமா என்று சொல்லும். காற்றில் முறுக்குமா என்று சொல்லாது. வலு வேறு, விறைப்பு வேறு. இந்தப் பாடம் துறைக்கே உறைக்க இன்னும் 15 வருடம் ஆனது. 1918இல் ஃபோக்கர் டி.8 போர் விமானத்தில் பின்பக்கக் கட்டையை வலுப்படுத்தச் சொன்னார்கள். வலுப்படுத்திய பிறகு இறக்கை பறக்கும்போதே முறுக்கி உடைந்தது. அதைத் தயாரித்த ஃபோக்கரே இதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே 1903இல் லாங்லிக்கு இது தெரியவில்லை என்று நான் அவரைத் திட்ட மாட்டேன். ஆனால் தெரியாததை ஏன் ஒரு கிளைடராகக் கட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பேன்.

தூரநோக்கி:

ரிவெட் ஐயா, அந்தக் கடைசி வரியில் நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்!

ஏன் கிளைடர் கட்டவில்லை? அதுதான் கேள்வியே. 1895இல் லாங்லி பெர்லினுக்குப் போனார். ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் கிளைடரோடு குன்றின் மேலிருந்து குதித்துச் சறுக்குவதை நேரில் பார்த்தார். உலகத்தில் அன்று காற்றில் உடம்போடு மிதந்த அனுபவம் உள்ள ஒரே மனிதர் என்றே சொல்லலாம். பார்த்துவிட்டு வந்தவருக்கு அதில் பெரிய மதிப்பு உண்டாகவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் லிலியந்தால் விழுந்து இறந்தார். மற்றவர்கள் அந்தச் சாவிலிருந்து கற்றது, சமநிலையைக் கையாளத் தெரியாமல் பறக்கக் கூடாது என்று. லாங்லி கற்றது, விமானம் தன்னைத் தானே நேராக வைத்துக்கொள்ள வேண்டும், ஆள் குறுக்கே வரக் கூடாது என்று.

எண் 5 அப்படித்தான் பறந்தது. இறக்கையை மேல்நோக்கிச் சற்றே மடக்கி, வாலைச் சரியாக வைத்து விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். அந்த வெற்றிதான் அவருக்கு வினையாக வந்தது. ஓட்டுநரை அதே பொம்மைக்குள் ஏற்றப்போகும் கூடுதல் மூட்டையாகப் பார்த்தார். லாங்லியின் உதவிப் பொறியாளரும் ஓட்டுநருமான சார்லஸ் மேன்லிக்கு மேலே கீழே போக வாலும், திரும்ப ஒரு சுக்கானும் கொடுத்தார்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்த ஒன்றும் இல்லை. மேன்லி அதற்கு முன் ஒரு நிமிடம்கூட எதிலும் பறந்ததில்லை. ரைட் சகோதரர்கள் 1902 இலையுதிர் காலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான முறை கிளைடரில் சறுக்கியிருந்தார்கள்.

டிசம்பர் 8ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அக்டோபர் 7 அன்று ஒரு முறை விழுந்து, எடுத்து, ஒட்டி முடித்திருக்கிறார்கள். பணம் தீர்ந்துவிட்டது. குளிர்காலம். ஆற்றில் ஐஸ் பாளங்கள் மிதக்கின்றன. அனகோஸ்டியா ஆறு பொடோமாக்கோடு சேரும் இடத்துக்குப் படகு வீட்டை இழுத்து வந்து நிறுத்தவே சாயங்காலம் ஆகிவிட்டது. காற்று திக்குக்குத் திக்கு மாறி அடிக்கிறது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை, ஏனென்றால் இன்னொரு நாளுக்குக் காசு இல்லை. மேன்லி கனமான உடுப்புகளைக் கழற்றிவிட்டு, உள்ளாடையோடும் தக்கை வைத்துத் தைத்த ஒரு மேலங்கியோடும் ஏறி உட்கார்கிறார். பொழுது சாயும் நேரம். கவண் விடுபடுகிறது. தண்டவாளம் முடியும் இடத்திலேயே பின்பக்க இறக்கை மடிகிறது. விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கி, நின்று, மல்லாந்து விழுகிறது.

மேன்லி அதற்கு அடியில். மேலங்கி ஒரு இரும்புத் துண்டில் மாட்டிக்கொண்டது. கிழித்துக்கொண்டு இன்னும் கீழே முங்கி, கம்பிகளுக்கு வெளியே வந்து மேலெழுந்தால், தலைக்கு மேல் ஐஸ். மறுபடி முங்கி வேறு இடத்தில் வந்தார். படகில் ஏற்றி, உறைந்துபோன துணியை வெட்டி எடுத்து, விஸ்கி கொடுத்தார்கள். அந்த 27 வயதுப் பையன் அப்போது வாயைத் திறந்து கொட்டிய கெட்ட வார்த்தைகள் ஸ்மித்சோனியன் பெரியவர்கள் கேட்டறியாதவை என்று சொல்வார்கள். நியாயம்தானே.

கணக்குப்பிள்ளை:

மேன்லிக்காக வருத்தப்படுகிறேன். லாங்லிக்காக இல்லை. பத்திரிகைக்காரர்களைக் கிட்ட நெருங்க விடாமல், மாதக்கணக்கில் ஆற்றங்கரையில் கொசுக்கடியில் காக்க வைத்தார். அப்புறம் விழுந்ததும் அவர்கள் விடுவார்களா? அக்டோபரில் விழுந்ததை, கைநிறைய அள்ளிய சாந்து சரிந்து விழுந்த மாதிரி என்று எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸ், மனிதன் பறக்க இன்னும் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருடம் ஆகலாம் என்று தலையங்கமே தீட்டியது. சரியாகப் பத்து வாரத்தில் ரைட் பறந்தார்கள்.

ராணுவத்தின் பணத்தை வாங்கினால் பொதுமக்களின் கேள்வி வரும். ரைட் சகோதரர்கள் விழுந்தபோது பார்க்க அங்கே மணலும் காக்காயும்தான். அது அதிர்ஷ்டம் இல்லை, புத்திசாலித்தனம். தண்ணீரின் மேலே 20 அடி உயரக் கூரையிலிருந்து ஆளை எறிவதும், மணல்மேல் மூன்றடி உயரத்தில் பழகுவதும் ஒன்றா?

பால்சா:

இந்த ஒரு விஷயத்தில் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு என் ஓட்டு. எங்கள் மைதானத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்வது இதுதான்: தண்ணீரின் மேல் முதல் முறை பறக்காதே. விழுந்தால் என்ன உடைந்தது, எப்படி உடைந்தது என்றே தெரியாது. எடுக்கும்போது பாதி உடையும், இழுக்கும்போது மீதி. லாங்லி குழுவுக்கும் அதே கதி. அக்டோபரில் கவண் வண்டியின் ஊசியில் கம்பம் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினார்கள். இறக்கை மேல் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் இரண்டு மாதம் கழித்து மேன்லி ஐஸுக்கு அடியில் போயிருக்க மாட்டார்.

கம்பியில்லாத்தந்தி:

லாங்லி செத்த பிறகு நடந்ததை யாரும் தொடவில்லையே. கோமாளிப் பட்டம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லாங்லி 1906 பிப்ரவரியில் இறந்தார். அடுத்து ஸ்மித்சோனியன் தலைவரான சார்லஸ் வால்காட் அவருடைய நண்பர், 50,000 டாலர் வாங்கிக் கொடுக்க அலைந்தவர். நண்பரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. இன்னொரு பக்கம் விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்டிஸ். ரைட் சகோதரர்களின் காப்புரிமை வழக்கில் 1914 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் தோற்றவர். ரைட்டுக்கு முன்பே பறக்கக்கூடிய விமானம் ஒன்று இருந்தது என்று காட்டினால் அந்தக் காப்புரிமையின் பிடி தளரும். இரண்டு பேரின் தேவையும் ஓரிடத்தில் சந்தித்தன. 2,000 டாலர் கொடுத்து, உடைந்த விமானத்தைக் கர்டிஸிடமே ஒப்படைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் ஊர், கியூகா ஏரி. 1914 மே 28 அன்று அது தண்ணீரைவிட்டு எழும்பி சுமார் 150 அடி போனது.

மேற்பார்வைக்கு ஸ்மித்சோனியன் அனுப்பியவர் ஆல்பர்ட் ஸாம். அவர் யார்? அதே வழக்கில் கர்டிஸ் தரப்புச் சாட்சி. இதை என்னவென்று சொல்வது!

1903இல் இருந்தது இருந்தபடியே பறந்தது என்ற தோரணையில் ஸ்மித்சோனியன் அறிக்கைகள் வெளியிட்டது. உண்மையில் மிதவைகள் கட்டினார்கள், இறக்கையின் வடிவத்தைத் தொட்டார்கள், தாங்குகம்பிகளை மாற்றினார்கள், கட்டுப்பாட்டை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் எஞ்சினையே எடுத்துவிட்டுக் கர்டிஸின் 80 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் பழைய கோலத்துக்கே திருப்பி, 1918இல் அருங்காட்சியகத்தில் வைத்து, மனிதனைச் சுமந்து தொடர்ந்து பறக்கும் திறன் பெற்ற உலகின் முதல் விமானம் என்று பலகை மாட்டினார்கள். பறந்தது என்று எழுதவில்லை, "பறக்கும் திறன் பெற்ற" என்று எழுதினார்கள். வக்கீல் மூளை.

ஆர்வில் ரைட் (வில்பர் 1912லேயே போய்விட்டார்) பத்து வருடத்துக்கு மேல் சண்டை போட்டுப் பார்த்தார். அசையவில்லை என்றதும் 1928இல் தங்கள் விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் முதல் விமானம் இருபது வருடம் இங்கிலாந்தில் இருந்தது. 1942இல் ஸ்மித்சோனியன் தலைவர் சார்லஸ் ஆபட், 1903 விமானத்துக்கும் 1914 விமானத்துக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசையாக அச்சிட்டு, முந்தைய கூற்றுகளைத் திரும்பப் பெற்றார். ஆர்வில் இறந்த 1948ஆம் ஆண்டு, டிசம்பர் 17 அன்று, அது வாஷிங்டனில் வைக்கப்பட்டது. வாரிசுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: வேறு எந்த விமானமும் அதற்கு முன் மனிதனைச் சுமந்து பறக்கக்கூடியதாக இருந்தது என்று ஸ்மித்சோனியன் சொன்னால், விமானத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

யாழ்ப்பறவை:

ஆபட் என்ற பெயரை எங்கேயோ கண்டிருக்கிறேன். சூரிய ஆய்வாளர் அல்லவா?

கம்பியில்லாத்தந்தி:

அவரேதான். 1895இல் லாங்லியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். கணக்குப்பிள்ளை சொன்ன சூரிய மாறிலித் தப்பைத் திருத்திய அளவீடுகளும் அவருடையவை. குருவின் கணக்கையும் திருத்தினார், குருவின் பெயரில் மற்றவர்கள் சொன்ன பொய்யையும் திருத்தினார். ஆனாலும் ஆர்வில் ரைட்டிடம் அதற்கு 1942 வரை இழுத்தடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய ரிவெட்:

தந்தி சொன்னதில் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. ஹாமண்ட்ஸ்போர்ட்டில் நான் முன்பு சொன்ன அந்தத் தாங்குகம்பத்தைச் சுமார் இரண்டரை அடி பின்னால் நகர்த்தினார்கள். காற்றின் சுமை விழும் இடத்துக்கு நேராக. நோய் எங்கே என்று தெரிந்த வைத்தியன் செய்யும் காரியம் அது. 1914இல் அது எழும்பியதை வைத்து 1903இல் பறந்திருக்கும் என்று வாதாடினார்களே, அந்த ஒரு மாற்றமே வாதத்தை உடைக்கப் போதும். அதோடு கவண் இல்லை, ஏரியின் மேல் மெதுவாக ஓடி எழும்பியது. இறக்கைக்கு வந்த சுமையே வேறு.

என் கட்சியில் மாற்றமில்லை தூரநோக்கி. ஆள் வேண்டும் என்று லாங்லி நினைத்திருந்தால் கிளைடர் கட்டியிருப்பார், கட்டியிருந்தால் இறக்கைக் கோளாறு தெரிந்திருக்கும் என்கிறீர்கள். சரி, வழி அதுவாக இருக்கலாம். அன்று விழுந்ததன் நேரடிக் காரணம் இறக்கை.

தூரநோக்கி:

அது வரைக்கும் வந்ததே எனக்குப் போதும் ஐயா. 1902 அக்டோபரில் ரைட் சகோதரர்களின் கட்டுப்பாட்டு முறை பற்றிக் காதில் விழுந்ததும், நேரில் வந்து பார்க்கலாமா என்று லாங்லி கேட்டுப் பார்த்தார். அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவருடைய பெரிய விமானம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பார்த்திருந்தாலும் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி தொடங்கியிருப்பாரா என்பது சந்தேகமே.

மனிதராக அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கணக்குப்பிள்ளை சாருக்காகவே. 1905இல் ஸ்மித்சோனியன் கணக்காளர் ஒருவர் பணத்தைக் கையாடியது வெளியே வந்தது. தலைமையில் இருந்தது நான், பொறுப்பு என்னுடையது என்று லாங்லி அதன்பிறகு சம்பளமே வாங்கவில்லை. அவர் நொடிந்துபோனதற்கு விமானம் ஆற்றில் விழுந்தது மட்டும் காரணமில்லை. அவர் இறந்த பிறகு, விமான ஆய்வில் மூத்தவரும் ரைட் சகோதரர்களின் நண்பருமான ஷனூட்டுக்கு வில்பர் ரைட் எழுதிய கடிதத்தில், அமெரிக்காவின் முதன்மையான அறிவியல் நிறுவனத்தின் தலைவரே மனிதன் பறப்பான் என்று நம்பியது, தாங்கள் இதில் இறங்கக் காரணமான விஷயங்களில் ஒன்று என்று குறிப்பிட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:

சம்பளம் வாங்காத விஷயம் எனக்குப் புதிது. மதிக்கிறேன். 70,000 டாலர் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதில் உருப்படியாக ஏதாவது மிஞ்சியதா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பால்சா:

மிஞ்சியது அண்ணே. எஞ்சின்.

நியூயார்க்கில் ஸ்டீபன் பால்ஸர் என்பவரிடம் 12 குதிரைத்திறன் எஞ்சின் கேட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அவர் செய்தது சிலிண்டர்களே சுழலும் வகை. எவ்வளவு முயன்றும் பேசிய திறன் வரவில்லை, பால்ஸர் கடனில் மூழ்கினார். மேன்லி அதை வாஷிங்டனுக்குத் தூக்கி வந்து, சிலிண்டர்களை அசையாமல் நிறுத்தி, தண்ணீர்க் குளிர்ச்சி வைத்து, வருடக்கணக்கில் திருத்தினார். ஐந்து சிலிண்டர்களும் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின். நிமிடத்துக்கு 950 சுற்றில் 52.4 குதிரைத்திறன். தண்ணீர், பேட்டரி எல்லாம் சேர்த்து எடை 94 கிலோ போல. ரைட் எஞ்சின் கிட்டத்தட்ட 82 கிலோ, அதில் வந்தது 12 குதிரைத்திறன். எடையோடு ஒப்பிட்டால் மேன்லியின் எஞ்சின் ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டி. உலகத்தில் அன்று அதற்கு ஈடு கிடையாது. இத்தனைக்கும் மேன்லி கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு வந்தவர்.

52 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு பறக்காததும், 12ஐ வைத்துக்கொண்டு பறந்ததும் இந்தக் கதையின் உச்சபட்சக் கிண்டல். ரைட் சகோதரர்கள் விமானத்தை முன்னே தள்ளும் விசிறிகளை இறக்கை மாதிரியே கணக்குப் போட்டுச் செதுக்கினார்கள், அதனால் 12 போதுமானதாக இருந்தது.

சோம்பேறி வாசகன்:

நேற்றைய சாப்பாட்டு இடைவேளையில் ஆரம்பித்து இன்றைய இடைவேளையில்தான் முடித்தேன். இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? மருமகன் வாஷிங்டன் பக்கம்தான் வேலை பார்க்கிறான், அடுத்த வருடம் போனால் பார்க்கலாமா?

தூரநோக்கி:

தாராளமாக. பெரிய விமானம் வர்ஜீனியாவில் டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் உட்வார்-ஹேஸி மையத்தில், 1903 வடிவத்துக்கே திருப்பியமைக்கப்பட்டு இருக்கிறது. 1896 நவம்பரில் பறந்த எண் 6 பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டல்லஸ் பக்கம் போனால் ரிவெட் ஐயா சொன்ன தாங்குகம்பம் இறக்கைக்குக் கீழே எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மருமகனிடம் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போட்டால் ஐயாவுக்கு உபயோகமாக இருக்கும்.

பழைய ரிவெட்:

முன் ஜோடி, பின் ஜோடி இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அளவுக்குப் பக்கத்தில் யாரையாவது நிற்க வைக்கவும்.